எட்டில் எட்டு மேகம்

மலை உச்சி என்றால் வானம் எப்போதும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும் என்று நம்புகிறவர்களை நான் இருபது வருடமாகப் பார்த்துவருகிறேன். அவர்களில் பாதிப் பேர் கொடைக்கானலுக்குப் போய், மூன்று நாளும் மூட்டத்தில் பக்கத்தில் நிற்கிற புருஷன் முகம்கூடத் தெரியாமல் திரும்பி வந்தவர்கள். இருந்தும் பம்பாய் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொல்வார்கள்: "ஒனக்கென்னம்மா, மலைமேல டெலஸ்கோப். தெனம் நட்சத்திரம் பாக்கலாம்."

முதலில், நான் மலைமேல் இல்லை. செம்பூரில் இருக்கிறேன். டிராம்பே ரோட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில், எந்நேரமும் ஏசி ஓடுகிற அறையில், நாலு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். தொலைநோக்கி இருப்பது வடக்கே, இமயத்துக்கு அந்தப் பக்கம், புல்கூட முளைக்க யோசிக்கிற ஒரு குளிர்ப் பாலைவன மலையில். அங்கே காற்று மெலிந்தது. பெரிய பெரிய பேராசிரியர்கள் எல்லாம் அங்கே போய், பத்துப் படி ஏறி, தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் இயக்குகிற வேலையை சாட்டிலைட் வழியாகக் கீழே கொண்டுவந்து என் தலையில் கட்டினார்கள். தொலைநோக்கிக்கு மேலே கவிந்திருக்கிற டோமின் கதவைத் திறப்பது, மூடுவது, தொலைநோக்கியைத் திருப்புவது, வானம் எப்படி இருந்தது என்று பதிவேட்டில் எழுதுவது, எல்லாம் நான். அந்த அருமையான வானத்தை ஆளுகிற அறையின் ஜன்னலைத் திறந்தால் தெரிவது எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பும் ஆரஞ்சு நிறப் புகையும். ஜன்னலை நாங்கள் திறப்பதில்லை.

எங்கள் ஹவுசிங் சொசைட்டி செக்ரட்டரிக்கு இந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே கிடையாது. மே மாதம் பிறந்தால் என்னை லிப்டில் மடக்குவார். மழை எந்தத் தேதி, மொட்டைமாடியில் நீலத் தாட்பத்ரியை, அதாவது தார்ப்பாயை, எப்போது விரித்துக் கட்டலாம் என்று கேட்பார். நான் மழை ஆபீஸ் இல்லை என்று எத்தனை தரம் சொன்னாலும், "ஆகாசத்துலதானே மேடம் வேலை?" என்பார். ஒரு வருடம் எரிச்சலில் வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கே மழை வந்துவிட்டது. அதிலிருந்து மூன்று விங்கிலும் எனக்குத் தனி மரியாதை.

வானம் நன்றாக இருக்கிறதா என்று எங்கள் தொழிலில் யாரும் கேட்பதில்லை. எட்டில் எத்தனை என்று கேட்போம். தலைக்கு மேல் தெரிகிற வானத்தை மனதுக்குள் எட்டுத் துண்டாக வெட்டி, எத்தனை துண்டில் மேகம் என்று எண்ண வேண்டும். பூஜ்யம் என்றால் மேகமே இல்லை. எட்டு என்றால் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். மேகம் இல்லாமல் இருந்தால் மட்டும் போதுமா? காற்றில் ஈரம் ஏறினால் பெரிய கண்ணாடிமேல் பனி படியும். காற்று வேகமெடுத்தால் மணல் பறந்து வந்து அதே கண்ணாடியைக் கீறும். இவை எல்லாம் சரியாக இருந்து, மேலே காற்று கலங்கிக் கிடந்தால் நட்சத்திரம் மினுக்கும். மினுக்குகிற நட்சத்திரத்தைப் பார்த்து உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மினுக்கினால் அளவு எடுக்க முடியாது, ராத்திரி வீண். பௌர்ணமி வந்தால் அதைவிட வீண். அந்த வெளிச்சத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்றும் தேறாது. ஆனால் விருந்தாளியாக வருகிற அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்ப்பது நிலாவைத்தான். பார்த்துவிட்டு அதை செல்போனில் படம் வேறு எடுப்பார்கள்.

வானத்தின்மேல் பழி போடுவது ரொம்ப சுலபம். அது வந்து சாட்சி சொல்லாது. கேமராவின் மூடியைக் கழற்ற மறந்தவன், வேறு நட்சத்திரத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பினவன், மேஜையில் தலை சாய்த்துக் குறட்டை விட்டவன், எல்லோரும் மறுநாள் பதிவேட்டில் ஒரே வார்த்தை எழுதுவார்கள்: மேகம். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய பதிவேடுகளைப் புரட்டி, எது நிஜ மேகம், எது சோம்பேறியின் மேகம் என்று பென்சிலால் குறித்து, மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டியவள் நான். அதற்குப் பிறகு கேன்டீனில் என் மேஜைக்கு யாரும் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. அதனால் எனக்கு ஒரு குறைவும் வரவில்லை. நான் மேகம் என்று எழுதினால் மேகம்தான் என்று எங்கள் தலைவர் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார்.

மலைமேல் வானம் முழுவதையும் படம் பிடிக்கிற கேமரா ஒன்று இருந்தது. நான் சொல்லப்போகிற வருடம் குளிர்காலத்தில் அதன் கண்ணாடி உறைந்து வெடித்தது. புதுக் கண்ணாடி வாங்குவதற்கான ஃபைல் ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டு வந்தது. அதுவரைக்கும் ஒரு மனிதருடைய கண்ணை வைத்து ஒப்பேற்றினோம். காண்டிராக்டில் எடுத்த எலக்ட்ரீஷியன், நாற்பது வயது, தாராவிக்காரர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் தோல் பை தைக்கிற பட்டறை. மூன்று மாதம் மலை, ஒரு மாதம் வீடு. அரை மணிக்கு ஒரு தரம் வெளியே போய் நாலு திக்கும் பார்த்து, எட்டில் இத்தனை என்று நோட்டில் எழுதி, எனக்குப் போனில் சொல்ல வேண்டும். அலுவலகம் முழுவதும் என்னை மேடம் என்றது. இவர் அக்கா என்றார்.

எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைக்கிற பழக்கமும் அவரிடம் இல்லை. "மேற்க ஒரு கட்டு மேகம் நிக்கிக்கா. பயப்படாண்டாம். இருட்டுனதும் கலஞ்சிரும், பாத்துக்கிடுங்க" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் கேட்டது எண். இவர் என்ன குடுகுடுப்பைக்காரரா? மேகம் என்று கேட்டவுடன் டோமை மூடினேன். இருட்டியதும் மேகம் கலைந்தது. மறுநாளும் அப்படியே சொன்னார், நான் மூடினேன், மேகம் கலைந்தது. மூன்றாம் நாள் தலைவருக்கு ஒரு மெயில் போட்டேன்: மலைமேல் இருப்பவரின் மேகக் கணக்கை நம்புவதற்கில்லை, பார்த்ததையும் நினைத்ததையும் ஒன்றாகக் கலக்கிறார். ஒரு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. அவர் சொன்னது ஒவ்வொரு தடவையும் பலித்தது என்பதை இரண்டு மெயிலிலும் நான் எழுதவில்லை.

அந்த வருடம்தான் சான்பாடாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். தமிழ்ப் பெண், ஆனால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மேகத்துக்கு அவள் வாயில் வருகிற சொல் பாதல். "பாதல் இருக்கா மேடம்?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது கூசும். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு ராத்திரியில் இருபது விநாடி. சனிக் கிரகத்துக்கும் அப்பால் சுற்றுகிற ஒரு சின்னப் பாறை, ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். அது கடக்கிற வரைக்கும் நட்சத்திரம் அணைந்திருக்கும். எத்தனை விநாடி அணைந்தது என்று அளந்தால் பாறை எவ்வளவு அகலம் என்று தெரியும். அணைவதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் வெளிச்சம் லேசாகத் தடுமாறினால், பாறையைச் சுற்றி வளையம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாறையின் நிழல் பூமியில் ஒடுக்கமான ஒரு பட்டையில் மட்டும் விழும். அந்தப் பட்டைக்குள் இருந்த பெரிய தொலைநோக்கி எங்களுடையது ஒன்றுதான். இன்னொரு தரம் நிழல் விழும்போது அது எந்தக் கடலில் விழுமோ, யார் கண்டது. அவளுடைய உதவித்தொகை ஜூலையோடு முடிகிறது. இரண்டு வருடமாக அவள் போட்ட கணக்கெல்லாம் அந்த இருபது விநாடிக்காக.

"அன்னைக்கு பாதல் வந்துட்டா என்ன மேடம் பண்றது?" என்று வாரத்துக்கு நாலு தடவை கேட்டாள்.

"வந்தா வந்ததுதான். ஒங்கப்பா வாடகைக்கு எடுத்த வானமா?" என்றேன்.

மே மாதக் கடைசி. இரவு ஒன்பது மணி பன்னிரண்டாவது நிமிடத்தில் நிழல் மலைமேல் விழ வேண்டும். எட்டு மணிக்கே மேலேயிருந்து போன் வந்துவிட்டது. நட்சத்திரத்தை அந்த மனிதர் வெள்ளி என்றும் வானத்தை மானம் என்றும்தான் சொல்வார். "எட்டுல பூஜ்யம்க்கா. காத்தும் அடங்கிட்டு. ஒரு வெள்ளிகூட மினுங்கல" என்றார். திரையில் ஈரத்தின் அளவும் காற்றின் வேகமும் அவர் சொன்னதையே சொல்லின. டோமைத் திறந்தேன். மாணவி பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், கேமராவின் திரை முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவளுடைய நட்சத்திரம் திரையில் குண்டூசித் தலை அளவுக்கு, அசையாமல் நின்றது. அப்பேர்ப்பட்ட வானம் வருடத்தில் நாலைந்து ராத்திரி கிடைத்தால் அதிகம். நானே ஒரு தரம் எழுந்து போய், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஒன்பது ஏழுக்குச் செம்பூரில் மழை பிடித்துக்கொண்டது. பருவமழைக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் வந்து சாத்துகிற முதல் மழை. எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர் கொட்டகை இருக்கிறது. அதன் தகரத்தின்மேல் தடதடவென்று இறங்கியது. பம்பாயில் ஐம்பது வருடம் வாழ்ந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் யோசனை கிடையாது. கை தானாக எழுந்துகொள்ளும். கொடியில் துணி, பால்கனிக் கதவு, மாடியில் காய்கிற வடாம், எது திறந்து கிடக்கிறதோ அதை மூடும். அன்றைக்கு என் கைக்கு எட்டுகிற இடத்தில் திறந்து கிடந்தது டோம்.

மூடுகிற பொத்தானை அழுத்தினேன். நிச்சயமாக மூடலாமா என்று கணினி கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன்.

டோம் கதவு மூடுவதற்கு நாலு நிமிடம். திறப்பதற்கும் நாலு நிமிடம். பாதியில் நிறுத்த வழியில்லை. இரண்டு நாள் ரயிலில் போனாலும் எட்ட முடியாத மலைமேல் கதவு நகர ஆரம்பித்துவிட்டதைத் திரையில் பார்த்தபிறகுதான், நான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. மாணவியின் திரையில் நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியிருக்க வேண்டும். மேகம் வந்தாலும் அப்படித்தான் மங்கும்.

"மேடம், பாதலா?" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"ஆமா," என்றேன்.

அடுத்த நிமிடம் மலையிலிருந்து போன். "அக்கா, என்னத்துக்கு மூடுதீங்க? மானம் வெட்டவெளியா கெடக்கு."

"மேகம் வந்துண்டிருக்கு. எனக்குத் தெரியாதா? வையுங்கோ போனை."

"சரிக்கா" என்றார்.

மறுபடி டோம் திறந்து முடிந்தபோது ஒன்பது பதினாறு. நட்சத்திரம் அதே இடத்தில், அதே குண்டூசித் தலையாக நின்றது. பாறை வந்து போய்விட்டிருந்தது. மாணவி எழுந்து வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழுதிருந்தால் அதட்டியிருப்பேன். அவள் வெளியே போய் மெஷினிலிருந்து இரண்டு கப் டீ பிடித்துக்கொண்டு வந்து, ஒன்றை என் முன்னால் வைத்தாள். "பாதல் வந்தா யாரு என்ன பண்ண முடியும் மேடம். நீங்க குடிங்க" என்றாள். குடித்தேன். பிறகு பதிவேட்டில் எழுதினேன்: மேற்கிலிருந்து திடீர் மேகம், எட்டில் எட்டு, டோம் மூடப்பட்டது. கீழே என் கையெழுத்து.

திங்கட்கிழமை மீட்டிங். தலைவர் முன்னால் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று நான் எழுதிய எட்டு. இன்னொன்று மலையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த நோட்டுப் பக்கத்தின் படம்: ஒன்பது மணி பூஜ்யம், ஒன்பதேகால் பூஜ்யம், ஒன்பதரை பூஜ்யம். அரை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டிய மனிதர் அன்றைக்கு நடுவில் ஒரு தரம் அதிகமாகவே போய்ப் பார்த்திருக்கிறார். தலைவர் அவரை ஸ்பீக்கர் போனில் கூப்பிட்டு, தூங்கிவிட்டு ஒரே எண்ணை மூன்று தரம் எழுதினாயா என்று இந்தியில் கேட்டார். "இல்ல ஸார், வெளிய போயி பாத்தேன், பூஜ்யம்தான்" என்று அவர் தன் தாராவி இந்தியில் சொன்னார். தலைவர் சிரித்தார். என்னுடைய இரண்டு மெயில்களையும் அச்செடுத்து வைத்திருந்தார். இந்த மேடம் உன்னைப் பற்றி முன்னாலேயே எழுதியிருக்கிறார் என்று இரண்டையும் வரி விடாமல் படித்தார். ஜூன் மாதத்தோடு காண்டிராக்ட் முடிகிறது, இனி நீட்டிக்க வேண்டாம் என்று ஆபீஸில் குறித்துக்கொண்டார்கள். தலைவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். ஊர் மேகத்தையெல்லாம் பென்சிலால் குறித்தவள்.

சாயங்காலம் அவரே எனக்குப் போன் செய்தார். கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்த வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவப்படக் கூடாது. அன்னைக்கு அங்க மழையா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"இல்ல, ஒம்போது மணிக்கு வீட்லேருந்து போன் பண்ணுனா. மழை பிடிச்சிட்டு, பட்டறைக்குள்ள தண்ணி வருதுன்னா. பொறவு ஒங்ககிட்ட பேசும்போது பின்னால தகரத்துல மழை விழுத சத்தம் கேட்டுச்சு. அதான்."

"மீட்டிங்ல ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை என்று இப்போது தோன்றுகிறது.

"நாஞ் சொன்னா யாருக்கா நம்புவா? நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்," என்றார். பிறகு, "சரி, வைக்கேன்" என்றார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். காலையில் பல் தேய்க்கும்போதுதான் அவமானம் பிடுங்கித் தின்றது. நேரே தலைவர் அறைக்குப் போய், செம்பூரில் மழை பெய்தது, நான் மலைமேல் டோமை மூடினேன் என்று சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பதிவேடு மேலிடத்துக்குப் போய்விட்டது, இப்போது எதற்கு வீண் வம்பு, காண்டிராக்ட் ஆள் போனால் வேறு ஆள் கிடைப்பான், உங்களைப் போல் கிடைக்க மாட்டார்கள் என்றார். என் வாழ்நாளில் நான் கேட்ட பாராட்டுகளில் அதைப்போல் நாறிய பாராட்டு வேறில்லை. நான் இறங்கி வந்து பதிவேட்டைத் திறந்து, எட்டை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் பூஜ்யம் என்று எழுதினேன். மூடிய காரணம் என்ற இடத்தில், செம்பூரில் மழை, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதைப் படமெடுத்து மேலிடத்துக்கும் மலைக்கும் அனுப்பினேன். அந்த மனிதரின் கணக்கு ஒரு தரமும் பிசகியதில்லை என்று மூன்றாவதாக ஒரு மெயிலும் போட்டேன். அவருக்குக் காண்டிராக்டை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

மாணவியிடம் நானே போய்ச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூடறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் ஒரு தடவை கேக்குமே மேடம்?"

"கேட்டது."

"யெஸ் குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அலுவலகத்தில் யாராவது எதையாவது சொதப்பினால் இப்போது, "என்ன, செம்பூர்ல மழையா?" என்கிறார்கள். மராத்திக்காரர்கள்கூடத் தமிழிலேயே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சொல்லட்டும். நான் படித்துக் காட்டிய பட்டியலுக்குப் பதில் கொடுக்க அவர்கள் இத்தனை வருடம் காத்திருந்தார்கள்.

மாணவி உதவித்தொகை இல்லாமல், சான்பாடாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டு, ஒன்றரை வருடம் தாமதமாக ஆராய்ச்சியை முடித்தாள். அவள் ஆய்வேட்டில் பாறையின் அகலம் இல்லை. வளையம் உண்டா இல்லையா என்பதும் இல்லை. ஒரு பிரதி எனக்குத் தபாலில் வந்தது. அந்த ராத்திரி நிழல் விழுந்த இடங்களின் அட்டவணை ஒன்று அதில் இருந்தது. எங்கள் மலைக்கு நேரே, வானம்: எட்டில் பூஜ்யம், பதிவு: இல்லை என்று போட்டிருந்தாள். அதற்கடுத்து, காரணம் எழுதுவதற்கு ஒரு கட்டம். சின்னத் தொலைநோக்கி வைத்திருந்த மற்ற இடங்களுக்கெல்லாம் மேகம், காற்று, கேமராக் கோளாறு என்று நிரப்பியிருந்தவள், எங்கள் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். என்னைப் பற்றி நாலு வார்த்தை காட்டமாக எழுதியிருந்தால் கோபம் வந்திருக்கும். கோபப்பட எனக்குத் தெரியும். அந்தக் காலிக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியாமல், பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.